பேருக்கு மேல தாவுற பொண்ணு

எல்லாரும் எப்படி இருக்கீங்க கண்ணுகளா? உடம்பெல்லாம் சௌக்கியமா? குளிர் நல்லா இறங்கிருச்சு, காலுக்கு ஒரு உறையைப் போட்டுக்கிட்டு உக்காருங்க. சிஹோ ஒரு டிவியைத் தள்ளிக்கிட்டு வந்த கதையைச் சொல்றேன்.

சிஹோ நம்ம ஸ்டேஷன் பக்கத்துல சலவைக் கடையில கவுண்டர்ல நிக்கிறவ. வயசு முப்பத்தஞ்சு இருக்கும். வாயைத் திறந்தா "சரிங்க, சரிங்க"ங்கிறதைத் தவிர வேற வராது. ஆனா அனிமேன்னா, அதான் டிவியில வர்ற கார்ட்டூன் தொடரு, உசுரு. அதுலயும் கதைக்கு முன்னாடி பாட்டோட ஒன்றரை நிமிஷம் ஓடுமே, ஓப்பனிங், அதுதான் அவளுக்கு எல்லாம். கதையைக்கூட விட்டுருவா, ஓப்பனிங்கை விட மாட்டா.

அவளைப் போலவே இன்னும் ரெண்டு பேரு. ஒருத்தர் ஒகுதைரா, பஸ் கம்பெனியில டைம்டேபிள் போடுறவரு. அவருதான் தலைவரு. இன்னொருத்தன் கனாமே, சூப்பர் மார்க்கெட் விளம்பரத்துக்கு முள்ளங்கியும் மீனும் வரையுற பையன், நாக்கு மட்டும் சாணை பிடிச்சது. மூணு பேரும் சேந்து வருஷா வருஷம் ஒரு சின்னப் புத்தகம் போடுவாங்க. அந்த வருஷம் வந்த ஓப்பனிங்குல எது முதல், எது ரெண்டாவதுன்னு வரிசை. ஆளாளுக்கு மார்க் போட்டுக் கூட்டி, மேல வர்ற பத்துக்குத்தான் பக்கம். வருஷக் கடைசியில கடலோரமா அந்தப் பெரிய மண்டபத்துல இந்த மாதிரிப் புத்தகத்துக்குன்னே சந்தை கூடுமில்ல, அங்க மேசை போட்டு விப்பாங்க.

போன வருஷம் வரைக்கும் சிஹோ மத்த ரெண்டு பேரும் சொன்னதுக்குத் தலையாட்டிட்டு வந்தா. இந்த வருஷம் ஆட்ட மாட்டேன்னுட்டா. ஏன்னா அவ மனசுல ஒண்ணு உக்காந்துருச்சு. "கூரைத் தபால்காரி"ன்னு ஒரு தொடர், உள்ளூர்ச் சேனல்ல மட்டும் வந்துச்சு. யாரும் பாக்கல. நெட்ல காசு குடுத்தாலும் கிடைக்காது, கம்பெனிக்காரங்க விளம்பரத்துக்கு ஓப்பனிங்கை மட்டும் போட்டு வச்சிருந்தாங்க, அவ்வளவுதான். இந்தப் புத்தகத்துலயும் வரலேன்னா அப்படி ஒண்ணு வந்ததே உலகத்துக்குத் தெரியாமப் போயிரும். அதுதான் அவளுக்குத் தாங்கல.

மார்க் போடுற நாளு வந்துச்சு. சமூகக் கூடத்துல மாடி ரூம், பாய் விரிச்சது, நடுவுல ஒரு கூடை ஆரஞ்சு, சுவத்துல புரொஜெக்டர் படம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரூமைக் காலி பண்ணணும், அதுக்குள்ள அச்சுக்கடைக்கும் அனுப்பிறணும்.

தலைவருக்கு ஒரு விதி உண்டு. ஓப்பனிங்கை எழுத்தில்லாமத்தான் பாக்கணும். வரைஞ்சவரு, பாடினவரு, இயக்குநருன்னு படத்து மேல பேரு ஓடும் பாருங்க, அது இல்லாத சுத்தப் படம். கம்பெனிக்காரங்களே அப்படி ஒண்ணு தனியா வெளியிடுவாங்க. "ஜன்னல் கண்ணாடியில நோட்டீஸ் ஒட்டிட்டு வெளிய மலையை ரசிக்க முடியுமா?"ன்னு கேப்பாரு. சரியாத்தானே இருக்குன்னு சிஹோவும் இத்தனை நாளா இருந்துட்டா.

கூரைத் தபால்காரி முறை வந்துச்சு. நெட்ல கிடந்ததும் எழுத்தில்லாத படம்தான். ஒரு பொண்ணு தபால் பையோட வீட்டுக் கூரை மேல ஓடுறா. திடீர்னு எம்பித் தாவுறா. அங்க தாண்ட ஒண்ணுமே இல்ல. அப்புறம் குனியுறா. மழை கொட்டுது, வெட்டவெளியில குத்த வச்சு உக்காந்துக்கிட்டு நனையாமத் தப்பிச்சவ மாதிரி சிரிக்கிறா.

"என்னக்கா இது, இடுப்புப் பிடிச்சிருச்சா பொண்ணுக்கு? குனியுது, நிமிருது" அப்படின்னு கனாமே விழுந்து விழுந்து சிரிச்சான்.

"மழையில உக்காந்து சிரிச்சா ஜன்னிதான்"னு தலைவரு மார்க்கைப் போட்டாரு. ரெண்டு பேருகிட்டயும் கடைசி இடம்.

சிஹோவுக்கு மொகம் செத்துப்போச்சு. வியாழக்கிழமை தோறும் பாத்து மனசு குளுந்த படம் இது இல்லையே! என்னமோ ஒண்ணு குறையுதே! ஆரஞ்சுத் தோலைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சா, யோசிச்சா. சட்டுனு நிமிந்தா.

"பேரு! பேரைக் காணோம் தலைவரே!"

"பேரு இருக்கக் கூடாதுங்கிறதுதானே விதி?"

"இல்லைங்க, அவ தாவுறதே பேரு மேலதான்! இசையமைச்சவரு பேரு கூரையில கிடக்கும், அதைத் தாண்டுவா. கொடிக்கயித்துல துணி மாதிரி பேரு தொங்கும், அதுக்குத்தான் குனியுறா. பேரை எடுத்துட்டா படமே இல்ல!"

"விதின்னா விதிதான் சிஹோ-சான். ஒண்ணுக்கு மாத்தினா எல்லாத்துக்கும் மாத்தணும்."

"முதல்ல பாருங்க, அப்புறம் விதியைப் பேசலாம். எங்க வீட்டு டிவியில பதிஞ்சு வச்சிருக்கேன்."

"அந்தப் பதிவு அந்த டிவியில மட்டும்தானே ஓடும்?"னு கனாமே கேட்டான். "செல்போன்ல புடிச்சுட்டு வாக்கா."

தலைவரு கண்ணு சிவந்துருச்சு. "டிவியைச் செல்போன்ல எடுக்கிறதா? திருட்டுப்படத்துக்கு என் ரூம்ல இடமில்ல."

"அப்ப டிவியையே கொண்டாறேன்"னா சிஹோ. "நான் வர்றதுக்குள்ள புத்தகத்தை அனுப்பினீங்க, என் பேரை அதுல போடாதீங்க."

சரிங்க சரிங்கன்னு சொன்ன வாயா இதுன்னு ரெண்டு பேரும் மலைச்சுப் போயிட்டாங்க. அவ செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா.

கடையில மெத்தை கொண்டு போற தள்ளுவண்டி ஒண்ணு இருக்கு, அதை முதலாளியம்மாகிட்ட கேட்டு வாங்கினா. வீட்டுல டிவியைக் கழட்டி, பதிவுப் பெட்டியோட போர்வையில சுத்தி, குழந்தையைப் படுக்க வச்ச மாதிரி வச்சா. ரயில்வே கேட்டுல தண்டவாளப் பள்ளத்துல சக்கரம் மாட்டிக்கிச்சு. மணி டிங்கு டிங்குனு அடிக்குது, கம்பு இறங்கப் போவுது. ஸ்கூல் பிள்ளைங்க ரெண்டு ஓடியாந்து தூக்கி விட்டுச்சுங்க. "அத்தை, இதுல என்ன, பாட்டனாரா?"ன்னு கேட்டுச்சு ஒண்ணு. "தபால்காரி"ன்னுட்டு வேகமாத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா.

கூடத்துல படிக்கட்டுக்குக் கீழ நின்னு, "கனாமே! இறங்கி வாடா, கை குடு!"ன்னு ஒரு சத்தம். அவன் மூச்சு வாங்கத் தூக்கினான். "முள்ளங்கி வரையுற கை அக்கா இது, சுமை தூக்குற கை இல்ல."

"பேசாமத் தூக்கு."

டிவி பாயில உக்காந்துச்சு, பாட்டு ஆரம்பிச்சுச்சு. கூரை மேல பேரு வரிசையா உக்காந்திருக்கு, காக்கா மாதிரி. பொண்ணு ஒவ்வொண்ணா தாண்டுறா. கொடியில தொங்குற பேருக்குக் குனியுறா. மழை வந்துச்சு. இயக்குநரு பேரு பெருசா வந்து நிக்குது, அவ ஓடிப்போய் அதுக்கு அடியில ஒண்டிக்கிட்டு நம்மளைப் பாத்துச் சிரிக்கிறா. எழுத்து ஓரத்துல தண்ணி சொட்டுது.

கனாமே சிரிக்கல. "அட, பேருக்கு அடியில ஒளிஞ்சிருக்கா..."ன்னான் மெதுவா. தலைவரு இன்னொரு தரம் போடச் சொன்னாரு. அப்புறம் இன்னொரு தரம். பெறகு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே, "என் தப்பு சிஹோ-சான்"னாரு.

அவ கும்பிடாத குறை. ஆனா மனுசன் டைம்டேபிள் போடுறவராச்சே. "உங்களுதை மட்டும் எழுத்தோட பாத்தா மத்ததுக்கு அநியாயம். எல்லாத்தையும் திருப்பி எழுத்தோட பாக்கணும், மத்ததெல்லாம் நெட்ல கிடைக்கும். உங்களுது மேலயும் போகலாம், கீழயும் போகலாம். சம்மதமா?"

மணி மூணு தாண்டிருச்சு. கனாமே ரெண்டு கையையும் தூக்கினான். "வேணாம் தலைவரே, இதை மட்டும் சேத்துட்டு அனுப்பிருவோம். அக்காவுக்கும் அதானே வேணும்?"

அதுதான் சுலபம். சிஹோவுக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்துச்சு. ஆனா இரக்கப்பட்டுக் குடுத்த இடம்னு அந்தப் பக்கத்துல ஒட்டிக்கிட்டே இருக்குமே!

"எல்லாத்தையும் போடுங்க. பாத்துருவோம்."

பாத்தாங்க. யாரும் டீகூடக் குடிக்கல. சிலது எழுத்தோட இன்னும் அழகாயிருச்சு. சிலதுல பேரு வந்து கதாநாயகன் மூக்கு மேலயே உக்காந்துருச்சு. தலைவரு முதல்னு வச்சிருந்தது சரசரன்னு எறங்கிருச்சு, மனுசன் உதட்டைக் கடிச்சுக்கிட்டு மார்க்கைக் குறைச்சாரு. கனாமே ஆசையா வச்சிருந்த ஒண்ணு பத்துக்கு வெளியவே போயிருச்சு. "அக்கா, உனக்கு நல்லது பண்ணப் போயி என் தலையில மண்ணு"ன்னு மூக்கால அழுதான்.

கூட்டிப் பாத்தா கூரைத் தபால்காரி நாலாவது.

"நாலுதானா?"ன்னா சிஹோ.

"ஏன், பத்தலையா?"ன்னு கனாமே கேட்டான்.

"எனக்கு முதல்தான். என் மார்க்கை நான் மாத்த மாட்டேன். ஆனா நாலுன்னு வந்துருச்சுல்ல, நியாயமா வந்துச்சு, இருக்கட்டும். பக்கத்தை நான்தான் எழுதுவேன். படம் நீ வரைடா."

எழுதினா பாருங்க, ஆணி அடிச்ச மாதிரி. கனாமே அந்தப் பொண்ணு மழைக்கு ஒண்டுற இடத்தை வரைஞ்சான், இயக்குநரு பேரை அவசரத்துல கிறுக்கினான். சிஹோ பேப்பரைப் பிடுங்கிட்டா. "அவரு பேருதான் அவளுக்குக் கூரை. ஒழுகுற மாதிரி எழுதாத, திருப்பி எழுது."

திருப்பி எழுதினான். கீழ காவக்காரரு மணி அடிக்க ஆரம்பிச்சப்ப தலைவரு புத்தகத்தை அச்சுக்கடைக்கு அனுப்பி முடிச்சாரு.

சரி கண்ணுகளா, உங்களுக்கும் இப்படி இருந்திருக்குமே, யாரும் கண்டுக்காத ஒரு பாட்டோ படமோ, அதுக்காக நாலு பேரோட மல்லுக்கட்டினது? ஜெயிச்சீங்களா, எத்தனையாவது இடம் குடுத்தாங்க? கீழ எழுதுங்க, ஒண்ணு விடாமப் படிப்பேன்.