விளக்கின் பின்னால் வந்த குசினி

உப்புவெளியில் தம்பையாவின் வீட்டுக் குசினி, அடுப்பும் சட்டிபானையுமாக, வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், வீட்டிலிருந்து கழன்று, வாடகைக்கு இருந்தவர்களின் பின்னால் நடந்துபோனது. செவ்வாயில் யாரும் வீடு மாறுவதில்லை. ஆனால் புதனன்று அந்த வீட்டுக்கு நாள் வாடகையில் வெள்ளைக்காரர் வருவதாக இருந்தது. சீசன் கிழமை பார்ப்பதில்லை.

வாடகைக்கு இருந்த கீர்த்தனி ஆசிரியை, கணவன் சுலக்சன் கந்தோரில் கோப்பு எழுதும் லிகிதர். வீட்டுத்திட்டத்துக்குப் போனால் “உங்களுக்கு ரெண்டு சம்பளம் எல்லோ” என்றார்கள். வங்கிக்குப் போனால் “ரெண்டு சம்பளம் மட்டுந்தானோ” என்றார்கள். ஆகவே வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். தம்பையா வீட்டில் சாமியறை இல்லை, சுவரில் ஆணி அடிக்கவும் தடை. சாமிப்படம் குசினித் தட்டில் சாய்ந்திருந்தது, அதன் முன்னால் விளக்கு. புறப்படும் நேரம் அது எரிந்துகொண்டிருந்தது. ஊதி அணைக்கக்கூடாது, பூவால் அமர்த்தலாமென்றால், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று தம்பையா பூமரங்களைப் பிடுங்கியிருந்தார். கீர்த்தனி எரிகிற விளக்கைக் கையில் ஏந்தியபடி ஓட்டோவில் ஏறினாள். தன் வெளிச்சம் போவதைக் கண்ட குசினி பின்னால் புறப்பட்டது. பஸ்காரர் ஹோன் அடித்து விலத்திக்கொண்டு போனார்கள். ஊர் ஒரு கிழமை இதைக் கதைத்தது. பிறகு பெற்றோல் விலை ஏறியது.

பாலையூற்றில் அவர்களுக்குக் கட்டுப்படியானது குசினி இல்லாத இரண்டு அறைகள் மட்டுமே. குசினி பின்சுவரோடு வந்து ஒட்டிக்கொண்டது. அது திரும்பிப் போனால் சமைக்கவும் சாமி வைக்கவும் இருக்கிற இடமும் போய்விடும் என்று கீர்த்தனிக்குத் தெரியும். தெரிந்தும் பயம் வரவில்லை. பயப்படுகிற இடம் நாலு வீட்டுக்கு முன்னாலேயே மரத்துப்போயிருந்தது. விளக்கு அணையாமல் எண்ணெய் மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்காரரைக் கவனித்து முடித்துத் தம்பையா வந்து சேர, பொழுது பட்டுவிட்டது. கையில் ஒரு செவ்வரத்தம்பூ.

“விளக்கை அமர்த்து பிள்ளை. குசினி தன்பாட்டில திரும்பி வந்திடும்.”

“விளக்கு வைக்கிற நேரம் ஐயா. என்னால ஏலாது. வேணுமெண்டா நீங்கள் அமர்த்துங்கோ.”

“பாவத்தை என்ர தலையில கட்டப் பாக்கிறாய், என்ன?”

“வீடு உங்கட எல்லோ,” என்றான் சுலக்சன், தேத்தண்ணியை நீட்டியபடி.

தம்பையா பூவோடு கிட்டப் போனார். அந்நேரம் கடற்காற்று உள்ளே வீசி, சுடர் படுத்தது. அவர் பூவைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் அதைப் பொத்தினார். சுடர் நிமிரும்வரை கையை எடுக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

பிறகு அவர் தன் வீட்டுக்கு வேறு குசினி கட்டினார். மாதம் ஒருமுறை, எப்போதும் பொழுது பட்டபின், இந்தக் குசினிக்கு மட்டும் சின்ன வாடகை வாங்க வந்தார். பாலையூற்று அறைகளும் கைமாறின. அவர்கள் அன்புவழிபுரம் போனார்கள், பிறகு சீனக்குடாப் பக்கம். விளக்கு முன்னால், குசினி பின்னால். தம்பையா விசாரித்து விசாரித்து வந்துசேர்வார், எண்ணெய்ப் போத்தலும் கையுமாக.

போகும்போது வாசலில் நின்று ஒவ்வொரு முறையும் சொல்வார்:

“சுவரில ஆணி மட்டும் அடிச்சுப்போடாதேங்கோ.”

“ஓம் ஐயா,” என்பாள் கீர்த்தனி. சாமிப்படம் இன்னும் தட்டில்தான் சாய்ந்திருக்கிறது.