ஹெரால்டின் நாலாவது போல்ட்

"கையை எடு மாரியப்பா!"

பூபதி கத்தி முடிப்பதற்குள் போல்ட் முறிந்தது. ஹெரால்டு காரின் பாடி ஒரு விரல் அளவு இறங்கி, அடிச்சட்டமான சேசிஸ் மேல் 'டங்'கென்று உட்கார்ந்தது. கையை இழுத்துக்கொண்ட டிரைவர் மாரியப்பனுக்குத் தோல் மட்டும் போயிற்று.

"தப்பிச்சே. இந்தக் கெரகத்துக்குக் கையக் குடுத்தீன்னா உன்ர பொண்டாட்டிக்கு நாந்தான் பதில் சொல்லோணும்."

காரின் அடியிலிருந்து வெளியே வந்தான் பூபதி. குமாரபாளையத்து மெக்கானிக். பழைய கார் என்றால் உயிர். அதை வைத்திருப்பவர்கள் என்றால் இளக்காரம்.

போர்டிகோவில் கோட்டு சூட்டோடு நின்றான் அலெக்ஸ். கார்க்காரர் சவரியாரின் மூத்த மாப்பிள்ளை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு முதலாளி. அந்த வண்டிகளில் முன்னால், பின்னால், சேறு தெறிக்காமல் தொங்கும் ரப்பரில்கூட, மஞ்சள் பெயிண்டில் அவன் பெயர்தான். பார்த்துப் பார்த்து அலுக்காத ஜென்மம்.

"கொழுந்தியா ஜெர்லின் கல்யாணப் பூசைக்கு நேரமாச்சு. இந்தக் கார்லதான் பொண்ணு கோயிலுக்குப் போகணும்னு மாமாவுக்குப் பிடிவாதம். மூணு போல்ட்டை மாத்திட்டே இல்ல? இதுக்கு மேலாப்புல ஒரு டச் வெல்டு வெச்சு அனுப்புய்யா. எதுக்குக் கழட்டறே?"

"டச் வெச்சுத்தானுங்க இந்தக் கெதி! பாடிக்கும் சேசிசுக்கும் நடுவுல நல்ல ரப்பர் பேட் இருக்கோணும், போல்ட் துளி அசையோணும். எவனோ ரிக்கு, லாரிக்கு வெக்கிற மாதிரி நட்டையும் போல்ட்டையும் சேத்து வெல்டு அடிச்சிருக்கான். ரப்பருக்குப் பதிலா கண்டதையும் வெட்டிச் சொருவியிருக்கான்." ஓரமாகக் கிடந்த மூன்று கறுப்புத் துண்டுகளைக் காலால் தள்ளினான் பூபதி. "இவன் கையில மாட்டுவண்டிக்கு அச்சாணி போடக்கூடக் குடுக்கப்படாதுங்க."

"இவன்தான் அந்த மேதை." எச்சில் துப்புவதுபோல் மாரியப்பனைக் காட்டினான் அலெக்ஸ். "ஆடி மாசம் எந்த லாரிப் பட்டறைக்கோ ஓட்டிட்டுப் போயிருக்கான்."

"ஐயா, ஆடிப் பண்டிகைக்கு நான் சொந்த ஊரு ஆட்டையாம்பட்டிக்குப் போயிட்டனுங்க. வண்டி மாப்பிள்ளைகிட்டத்தான் இருந்துதுங்க..."

"நாயே, என்னையவா சொல்றே?"

நாற்காலியில் இருந்த சவரியார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காரைக் கெடுத்தவன் என்று, விடிந்ததும் மாரியப்பனிடம் சாவியை வாங்கி அதில் போட்டுக்கொண்டவர் அவர். ஜெர்லினைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன டிரைவர், அவள் கல்யாணம் முடிந்ததும் பின்கட்டு அறையைக் காலி செய்ய வேண்டும். பிள்ளை குட்டிகளோடு எங்கே போவான்? அது பெரியவர் கவலையில்லை. டிரைவர் பேச்சா, மாப்பிள்ளை பேச்சா என்றால் பெரிய வீடுகளில் யோசிக்கவா செய்கிறார்கள்?

பூபதி மறுபடி அடியில் புகுந்தான். தலை போன போல்ட்டின் மிச்சத் தண்டு சேசிசுக்குள் இறுகிக் கிடந்தது. அதன் முனையில் புது நட்டு ஒன்றை வைத்து, உள்ளே வெல்டு நிரப்பி, சூடு ஆறுவதற்குள் ஸ்பேனரைப் போட்டுத் திருகினான். கிரீச்சென்று ஒரு சுற்று. இன்னொன்று. தண்டு கழன்று வந்தது.

"பாடியைத் தூக்கு மாரியப்பா."

ஜாக்கி ஏறியது. இடுக்கிலிருந்து கறுப்பு ரப்பர் துண்டு ஒன்று நழுவி, போர்டிகோ தரையில் விழுந்தது.

காலையிலிருந்து முதுகு வளையாத அலெக்ஸ் இப்போது பாய்ந்து குனிந்தான். "குப்பை மாமா. நான் போட்டுடறேன்."

சவரியாரின் கைத்தடி முந்திக்கொண்டது.

"மாரியப்பா, எடுத்துக் குடு."

கைக்குட்டையால் சேற்றைத் துடைத்தார். திருப்பினார். பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மாரியப்பனிடம் நீட்டினார்.

"போல்ட் போட்டதும் ஜெர்லினை நீயே கூட்டிட்டுப் போ. ரூமைக் காலி பண்ண வேணாம். மாப்பிள்ளை, நீங்க டவுன் பஸ்ல வந்து சேருங்க."

"மாமா, அது வந்து..."

ரப்பரை அலெக்ஸின் கோட்டுப் பையில் செருகிவிட்டு நடந்தார் பெரியவர். அதன் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்துச் சிரித்தான் பூபதி.

வெயிலுக்கும் வெளுக்காத மஞ்சள் பெயிண்ட். கடைசி எழுத்து மட்டும் வெட்டுப்பட்டிருந்தது.

'அலெக்'.