கருப்பட்டிச் சிப்பமும் முத்துக்கனியும்

முத்தையாபுரத்திலிருந்து கிளம்பிய, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ் அன்றும் நடுவழியில் நின்றுவிட்டது. மூன்றாம் வகுப்பு டீச்சர் முத்துக்கனி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது பிரேயர் முடிந்திருந்தது.

"இன்னொரு நாள் பிந்தினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை.

மாலையில் அவள் கணவன் மாசானம் அவளைச் சைக்கிள் கடைக்கு அழைத்துப் போனான். அவனுக்குத் துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் வேலை. பள்ளிக்கூடம் அதைத் தாண்டித்தான். ஒரே சைக்கிளில் இருவரும் போய்விடலாம்.

மாசானத்தின் கண் உயரமான கறுப்புச் சைக்கிளை விட்டு அகலவில்லை. கிட்டங்கி மானேஜர் ஓட்டுவதும் அதே உயரம். ஆனால் முத்துக்கனி புதுப்பெண்; புருஷனோடு சேர்ந்து நடக்கவே கூசுகிறவள், கடைத்தெருவில் பின்னால் ஏறுவாளா? மாசானம் பக்கத்து மண்டியில் ஒரு கருப்பட்டிச் சிப்பத்தைக் கேட்டு வாங்கி, கேரியரில் கட்டி, தெருவைச் சுற்றி வந்தான்.

"ஏளா, பாத்தியா? ஓம் எடைதான். ஒரு ஆட்டம் இல்ல!"

"நல்லா மதிச்சிய என்னைய!"

ஆளரவமற்ற உப்பளச் சாலையில் ஒருவழியாக அவளும் ஏறினாள். குறுக்கே ஓர் உப்பு வண்டி திரும்பியது. மாசானம் பிரேக்கைப் பிடித்தான். கால் தரைக்கு எட்டவில்லை. இருவரும் மணலில் கிடந்தார்கள்.

திரும்பி வந்த கோலத்தைப் பார்த்துக் கடைக்காரர் பிச்சையா அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கருப்பட்டி பயப்படாது மாப்ள. பொண்டாட்டி பயந்து சாய்வாள்லா?"

முத்துக்கனி மூலையில் நின்ற தாழ்ந்த சைக்கிளைக் காட்டினாள். அதன் கம்பி வளைந்து கீழிறங்கியிருந்தது.

"அது பொம்பள சைக்கிள்லா! கிட்டங்கியில எல்லாப் பயலும் சிரிப்பான்."

"ஆனை மேல ஏறித்தான் வேலைக்குப் போவணுமாக்கும்? நாளைக்கும் விழுந்தா எனக்கு வேலை போயிரும்."

மாசானம் கறுப்புச் சைக்கிளை ஏக்கத்தோடு ஒருமுறை தடவிக்கொடுத்தான். பிறகு தாழ்ந்ததில் ஏறினான். இரண்டு காலும் தரையில் அழுந்தப் பதிந்தன.

மறுநாள் காலை கிட்டங்கி வாசலில் ஒரு குரல் கேட்டது. "ஏலே மாசானம், அது யாரு சைக்கிளு?"

"எங்க வீட்டுச் சைக்கிள்தாம்ல!" என்று கத்திக்கொண்டே அவன் மிதித்தான்.

பள்ளிக்கூடத்தில் பியூன் அப்போதுதான் மணியடிக்கும் கட்டையை எடுத்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியே டீச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள். முத்துக்கனி நிதானமாக இறங்கி, சேலையைச் சரிசெய்தாள்.

"சாயங்காலம் வெள்ளன வந்திருங்க" என்றாள், ஜன்னல் வரைக்கும் கேட்கும்படி.