கீறல் இல்லாத பழம்

ஃப்ரீசர் பெட்டியைத் துரைராஜும் இன்னும் மூன்று பேரும் வாசலில் சாய்த்துத் திருப்பி உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தபோதுதான், அப்பாவின் அறையில் ஏ.சி. ஓடும் சத்தம் நின்றுபோயிருப்பது மணிமொழிக்கு உறைத்தது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த வள்ளியம்மாள் அத்தை அந்த அறையிலிருந்து வெளியே வந்தாள். ரிமோட்டை இடுப்பில் செருகியிருந்தாள்.

“உசுரு போன ரூம இப்பிடியா அடைச்சி வைப்பாங்க? ஜன்னல தொறந்து வுட்டுருக்கேன். காத்து வரட்டும்.”

மணிமொழி தலையாட்டினாள். அப்பா விடியற்காலை நாலே முக்காலுக்குப் போயிருந்தார். இப்போது எட்டு மணி. சித்திரை மாத வெயில் குவார்ட்டர்ஸின் மொட்டை மாடியில் ஏறத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் போய், “அத்தை, என் ஈக்கள் செத்துவிடும்” என்று எப்படிச் சொல்வது?

ஈக்கள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில், பஞ்சு அடைத்த பதினோரு கண்ணாடிக் குப்பிகளில், ஏ.சி.யின் இருபத்தைந்து டிகிரியில் இருந்தன. அழுகின பழத்தின் மேல் சுற்றுமே, சிவப்புக் கண்ணும் கடுகளவு உடம்பும் உள்ள சின்ன ஈ, அதுதான். சென்னையில் ஐந்து வருடமாக அவள் செய்யும் ஆராய்ச்சி அதைப் பற்றியது. அந்த ஈயின் புழுவுக்கு எச்சில் சுரக்கும் இடத்தில் இருக்கும் குரோமோசோம் மற்ற உயிர்களுடையதைப் போல நுண்ணிழையாக இருக்காது. பெரிதாக, பட்டை பட்டையாக, மைக்ரோஸ்கோப்பில் எண்ணிப் பார்க்கும்படி இருக்கும். எந்தப் பட்டைக்குப் பிறகு எந்தப் பட்டை என்று வரிசை உண்டு. இந்தப் பதினோரு குப்பிகளில் இருந்த ஈக்களுக்கு மட்டும் அந்த வரிசையில் ஒரு துண்டு அறுந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருந்தது. மூன்று வருடம் இனம் சேர்த்துச் சேர்த்து அவள் உண்டாக்கிய வம்சம். வேறெங்கும் கிடையாது. லேபில் ஒருமுறை விட்டுவிட்டுப் போனபோது பாதி செத்துப்போனதால், அப்பாவுக்கு முடியவில்லை என்று ஊருக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்திருந்தாள்.

நேற்று சாயங்காலம் பழைய தீனி பூஞ்சை பிடித்திருந்தது. ஈக்களை எல்லாம் கழுவின குப்பிகளுக்கு மாற்றி, ஈரப் பஞ்சு மட்டும் வைத்தாள். ரவை, வெல்லம், கடல்பாசி போட்டுப் புதுத் தீனி காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்த நேரத்தில் அப்பாவுக்கு மூச்சு மாறியது. அணைத்துவிட்டு ஓடினாள். அவ்வளவுதான். இனி எடுக்கும்வரை இந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க முடியாது. பக்கத்து வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில்தான் காபி வந்தது.

“ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆளுங்க ரெண்டு மணிக்கு வெளிய வந்துடுவாங்க. அவங்க பாக்காம எடுக்க வேணாங்க” என்றார் துரைராஜ். இருபத்தாறு வருடம் அப்பாவோடு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்த்தவர். அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

பெட்டிக்குள் அப்பா மெலிந்து, புது வேட்டியில், தூங்குவது போலவே இருந்தார். தலைமாட்டில் விளக்கு. ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தியைக் குத்தி வைத்திருந்தார்கள். பக்கத்துத் தட்டில் ஒரு சீப்புப் பழம். அம்மா காந்திமதி தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

பத்து மணி வாக்கில் பழத்தின் மேல் இரண்டு மூன்று ஈக்கள் வந்துவிட்டன. தெருவில் திரியும் ஈக்கள். ஒன்று பெட்டியின் கண்ணாடி மேல், அப்பாவின் மூக்குக்கு நேராக உட்கார்ந்தது. பெண் ஈ என்று மணிமொழிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அப்படித் தெரிந்ததற்காக வெட்கமாக இருந்தது.

அத்தை துண்டால் விசிறினாள். “அஞ்சு வருசமா ஈ ஓட்டுற படிப்பு படிச்சிகினு கெடக்குறா. இந்த ரெண்ட ஓட்டச் சொல்லு.”

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி முந்தானையில் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். அப்பா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். பதிலும் சொல்லியிருப்பார்.

லாக்டவுன் வந்த வருடம், சேர்ந்த புதிதில், இப்படித்தான் குப்பிகளோடு வந்து இறங்கினாள். பிறந்து எட்டு மணி நேரத்துக்குள், ஆணோடு சேரும் முன், பெண் ஈக்களைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும் என்று சொன்னதும் அப்பா, “எட்டு மணி நேரமா? அப்ப நம்ம ஷிப்ட் கணக்குதான்” என்று சேர்ந்துகொண்டார். ஒரு மாதத்தில் லென்ஸ் வைத்து ஆண் பெண் பார்க்கக் கற்றுக்கொண்டார். அம்மாவோ சமையல்கட்டிலிருந்து, “வயசுப் பொண்ணும் அப்பனும் பண்ற வேலைய பாரு” என்று திட்டுவாள்.

குரோமோசோம் படத்தை முதலில் காட்டிய அன்று அப்பா நெடுநேரம் பார்த்தார்.

“மைன்ஸ் செவுரு மாதிரியே இருக்கு பாப்பா. செம்மண்ணு, மணலு, களி. இதுல கரி எங்க?”

தலைகீழான துண்டின் படத்தைப் போன வருடம் காட்டியபோது, “மண்ணு சரிஞ்சி மேல கீழ ஆயிருக்கு. ஆனா பூச்சி நல்லாதான இருக்கு?” என்றார்.

“நல்லாத்தாம்பா இருக்கு. அது எப்படின்னுதான் பாக்கறேன்.”

“பாரு, பாரு” என்றார்.

பதினொன்றரைக்கு அவள் மெதுவாக எழுந்து அறைக்குள் போனாள். அனல் அடித்தது. ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பாதிக்கு மேல் அடியில் மல்லாந்து கிடந்தன. மீதி பஞ்சின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் ஏறவில்லை. அடுத்ததும் அப்படித்தான். சாயங்காலம்வரை தாங்காது. இரண்டு ப்ளாக் தள்ளித் துரைராஜ் வீடு. அங்கே அடுப்பு இருந்தது. ஆனால் அப்பாவைக் கிடத்திவிட்டுப் பெற்ற பெண் இன்னொரு வீட்டு அடுப்பில் போய் நின்று ரவை கிண்டுவதா? வாழைப்பழம் போதும்தான். ஆனால் வெளியே இருக்கும் பழத்தில் தெரு ஈ உட்கார்ந்தாகிவிட்டது. தோலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் முட்டை வைத்திருக்கும். அது பொரிந்து இதோடு கலந்தால் வம்சமே போய்விடும். அப்பா பழத்தைத் தோலோடு வெந்நீரில் போட்டுத்தான் தருவார். வெந்நீருக்கும் அடுப்பு வேண்டும்.

அவள் குப்பியை வைத்துவிட்டு, ஜன்னலை மட்டும் சாத்தி, வெளியே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். எதிரே அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ கொண்டுவந்த இன்னொரு சீப்பைப் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே எடுத்துப்போகப் போனாள். அத்தை தடுத்தாள். “சாவுக்கு வந்த பழத்த வூட்டுக்குள்ள எடுத்துகினு போவாதம்மா. எடுத்ததுக்கு அப்புறம் வெளியதான் குடுக்கணும்.” அந்தச் சீப்பும் தலைமாட்டிலேயே வைக்கப்பட்டது.

சிறிது நேரம் கழித்து அம்மா கையை ஊன்றி எழுந்தாள். “தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்றாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. மடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனாள். போகும்போது மணிமொழியின் தோளைத் தொட்டாள்.

சற்றுப் பொறுத்து மணிமொழியும் எழுந்து போனாள். அம்மா அப்பாவின் அறைக்குள் நின்று மடியைப் பிரித்தாள். நான்கு வாழைப்பழங்கள்.

“அம்மா, இதுல ஈ…”

“கீறல் இல்லாத பழமா பாத்துதான் எடுத்தேன். இப்ப வந்த சீப்பு. காம்புகூட வெடிக்கல பாரு. கொழாய்லயும் காட்டிட்டேன்.” ஒரு பழத்தைத் திருப்பித் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். “அவரு இப்பிடித்தான பாப்பாரு.”

மணிமொழி காலிக் குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தாள். அம்மா தோலை உரித்துத் துண்டு துண்டாகக் கிள்ளிக் கொடுக்க, அவள் சுத்தமான குப்பிகளில் போட்டு, ஈக்கள் ஒட்டாமல் இருக்க ஒரு சுருள் காகிதமும் வைத்தாள். அம்மா கட்டிலில் கிடந்த அப்பாவின் துண்டை நாலாக மடித்து அலமாரி மேல் வைத்தாள்.

“குப்பிய இது மேல தட்டு, பூச்சி அடியில வுழட்டும். மூணு தட்டு. நாலாவது தட்டுனா செத்துடும்.”

“யாரு சொன்னா?”

“அவருதான்.”

அப்படியெல்லாம் கிடையாது. நாலு தட்டலாம், ஆறு தட்டலாம். மணிமொழி மூன்றோடு நிறுத்திக்கொண்டு, பழம் போட்ட குப்பியின் வாயில் அதைக் கவிழ்த்தாள்.

“எத்தினி பொட்டை இருக்கு?”

“எல்லாத்துலயும் சேத்து அம்பது தேறும்.”

“போதும்” என்றாள் அம்மா.

கதவருகில் அத்தை நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. தரையில் கிடந்த தோலைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள்.

“எடுக்கறதுக்கு முன்ன இந்தப் பழத்த உரிக்கலாமா காந்தி?”

“அவரு பாத்துகினு இருந்த வேலைதாங்க அண்ணி.”

அத்தை அறைக்குள் வந்தாள். பிறகு, “எடுத்ததுக்கு அப்புறம் போட்டுக்கங்க” என்று இடுப்பிலிருந்து ரிமோட்டை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனாள். போகிற போக்கில் தோலையும் பொறுக்கிக்கொண்டாள்.

இரண்டு மணிச் சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில் ஷிப்ட் முடித்தவர்கள் சாம்பல் நிறச் சட்டையோடும் கையில் ஹெல்மெட்டோடும் வந்து வரிசையாகப் பார்த்தார்கள். சித்தப்பா மகன் செல்வகுமார் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். பறைச் சத்தம் தெரு முனையில் திரும்பும்வரை பெண்கள் நின்றார்கள். பிறகு வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

மணிமொழி ஈரத் தலையோடு அறைக்குப் போனாள். குப்பிகளில் இன்றைய தேதியை எழுதினாள். ஏழு குப்பிகளில் ஈக்கள் சுவரில் ஏறியிருந்தன. ஒன்றில், பழத் துண்டின் ஓரத்தில் ஓர் ஈ முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மற்ற நாலைப் பற்றி நாளைக்குத்தான் தெரியும்.

அம்மா உள்ளே வந்தாள். காலியான கட்டிலைப் பார்க்காமல் ரிமோட்டை எடுத்தாள். ஏ.சி. ஒரு முறை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது.

“இருபத்தஞ்சுதான?”

“ஆமாம்மா.”

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்பா தூங்கும் பகல்களில் செய்வது போல, அம்மா கொண்டியை விரலால் பிடித்து, சத்தம் கேட்காமல் கதவைச் சாத்தினாள்.