பிரட்டுக்களத்தில் வாசித்த பெயர்

தோட்ட ஆபீசுக்கு நாங்கள் கட்ட வேண்டியிருந்தது பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய். போன வருசம் நத்தார் பண்டிகைக்கு வாங்கின முற்பணம்.

கண்டியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள், இரத்தம் குடுத்தால் ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கடனில் கழியும் என்றார் தோட்டத்தில் மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயா. என் வீட்டுக்காரர் யாகப்பர் தனக்கும் எனக்கும் மகள் றொசானாவுக்கும் சேர்த்துச் சம்மதத் தாளில் மூன்று கைநாட்டு வைத்துவிட்டார். என் சம்பளத்தையே இருபது வருசம் அப்படித்தான் வாங்கினார். இரத்தம் என்ன பெரிசா?

"தாளை வாசிச்சிட்டுக் குடுக்கிறேங்க," என்றேன். மாதா கோயில் மாலை வகுப்பில் நாற்பத்தாறு வயதில் எழுத்துப் பழகினவள் நான்.

"அஞ்சு பக்கம் யோசப்பின். நீங்க கூட்டி முடிக்கிறதுக்குள்ள றொசானா கிழவியாயிருவா," என்றார் டிஸ்பென்சர் ஐயா.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஒரு வரி மட்டும் பார்த்தேன்: பெயர் எவருக்கும் வெளியிடப்படாது. கையை நீட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக நாங்கள் கூடுகிற பிரட்டுக்களத்தில் ஒரு தாள். நோய் உள்ளவர்கள் மறுபடி வரவேண்டுமாம். கண்டியிலிருந்து வந்த தாளை டிஸ்பென்சர் ஐயா அப்படியே ஒட்டிவிட்டார். பெயரும், எதிரே முடிவும். படித்த பிள்ளைகளெல்லாம் கண்டிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"அக்கா, நீங்கதானே எங்க டீச்சர், வாசிங்க," என்றார்கள் கூட நின்ற பெண்கள்.

பெருமையாகத்தான் இருந்தது. முதல் இரண்டு பேருக்கும் இல்லை. மூன்றாவது றொசானா. ஈரல் கிருமி, உண்டு. தொற்றுகிற நோய். அடுத்த மாதம் தெல்தெனிய ஊர்க்கார ரொனியோடு அவளுக்குக் கல்யாணம். அவளுக்குக் கீழே பக்கத்து லயத்து வரிசை வீட்டு நிஷாந்தி. இல்லை.

"என்னக்கா, எழுத்து மறந்துபோச்சா?"

"றொசானா, இல்லை," என்றேன். "நிஷாந்தி. ஈரல் கிருமி. உண்டு."

நிஷாந்தியின் அம்மா கொழுந்துச் சாக்கைக் கீழே போட்டாள். நான் தாளைக் கிழித்தேன். "மனுசர் நோவை இப்பிடியா ஒட்டுறது!" என்று கத்தினேன். நியாயமான பொம்பளை என்றார்கள்.

நிஷாந்தியைப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கிழமையே வேண்டாம் என்றார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். டவுனில் காசு கட்டிச் சோதித்து, நோய் இல்லை என்று கடிதம் கொண்டுவந்தாள். "காசு குடுத்தா எதையும் எழுதுவாங்க," என்று சொன்னது நான்தான்.

அவள் டவுனில் ஆளைப் பிடித்து முறைப்பாடு எழுதி அனுப்பினாள். ஆராய்ச்சியில் சம்மதம் ஒழுங்காக வாங்கினார்களா என்று விசாரிக்க ஒரு அம்மா வந்தார். டிஸ்பென்சர் ஐயா பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"விளங்கித்தான் சம்மதிச்சீங்களா?"

"ஆமாங்க."

"நீங்க ஒரு பட்டியலை வாசிச்சீங்களாமே?"

"நானா? நான் தோட்டத்துப் பொம்பளைங்க. எனக்கு எங்கங்க வாசிக்க வரும்?"

மற்றப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஆபீசில் கடன் இருந்தது. அந்த அம்மா எழுதிக்கொண்டு போனார். நிஷாந்தி கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போனாள்.

கல்யாணம் முடிந்த றொசானா இப்போது மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். தாளில் இருந்ததை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

டிஸ்பென்சர் ஐயா என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். தாளைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. மிச்சம் இருந்த ஏழாயிரத்து நூறு ரூபாயை நலன்புரிக் காசில் கழித்து, கடன் தீர்ந்தது என்று எங்கள் பேருக்கு நேரே சிவப்புக் கோடு போட வைத்தார்.