அரசிக்கு வந்த புது முகம்

கணவர் பீங்கானில் பொம்மைகளின் தலையும் கைகால்களும் வார்த்து, சூளையில் சுட்டு, முகம் தீட்டுவார். அந்தக் காலத்து உடுப்புகளைத் தைத்து மாட்டுவது மனைவியின் வேலை. பின்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்க அரசிகள், படைத்தலைவர்கள், தாதிகள். வீட்டுக்காரர்கள் குடியிருக்கத்தான் இடமில்லை.

ஒருநாள் புது அரசிக்குக் கழுத்துப்பட்டி வைக்கும்போது மனைவிக்குச் சுருக்கென்றது. பழைய அச்சில் வந்த முகமில்லை இது. இடது புருவம் சற்றுத் தூக்கல். கீழுதட்டை மடித்துச் சிரிப்பை அடக்குகிற பாவனை.

"ஏங்க, யாருங்க இது?"

"யாருமில்ல, கற்பனைதான்" என்றார். கழுவின தூரிகையையே மறுபடி கழுவினார்.

அதன்பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிர்வீட்டு டீச்சர், மருந்துக்கடைப் பெண், அவருடைய மாமன் மகள் என்று ஒருத்தியையும் விடாமல் பொம்மையோடு ஒப்பிட்டாள். அவர் தலைசீவிக் கிளம்பினால் ஒரு சந்தேகம், சீவாமல் கிளம்பினால் இரண்டு.

உடுப்புகளுக்கு வைக்கிற லேஸ் தீர்ந்தது. எப்போதும் அவர்தான் வாங்கி வருவார். அன்று "நான் போறேன்" என்றாள்.

"உனக்கெதுக்கு வீண் அலைச்சல்?" என்று அவர் பதறி எழுந்தார். அது போதுமே! அந்தப் புது அச்சில் வந்த பொம்மைத் தலையொன்றைப் பையில் போட்டுக்கொண்டு அவளே போனாள்.

கடையில் லேஸ் அளந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். அதே புருவம். அதே உதடு.

மனைவி பையிலிருந்த தலையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எத்தனை நாளா நடக்குது?"

அந்தப் பெண் அதைத் திருப்பிப் பார்த்தாள். முகம் சிவந்தது. "பொம்மைக்காரர் வீட்டம்மாவா? அக்கா, அந்த மனுஷன் லேஸ் அளவைத் தவிர என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா மூஞ்சியவே வெறிச்சுப் பாத்துட்டு நிப்பாரு. உங்ககிட்ட வந்து சொல்லணும்னு நானே இருந்தேன். எதுக்குப் பாத்தார்னு இப்பத்தான் தெரியுது. என்னைக் கேக்காம என் மூஞ்சிய விக்கிறீங்களா?"

சண்டைக்குப் போனவள் பொம்மைத் தலையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கணவரைக் கையோடு இழுத்துவந்து அந்த மேஜைமுன் நிறுத்தினாள்.

"தப்புதான்மா, கேட்டிருக்கணும்" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"நிமிந்து சொல்லுங்க. இத்தனை நாள் பாத்தீங்கல்ல?" என்றாள் கடைப்பெண். "அந்த அச்சை உடைச்சிடுங்க."

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள்: "பொம்மைக்காகத்தான் பாத்தீங்கன்னா என்கிட்ட ஏன் கற்பனைன்னீங்க?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

அச்சு உடைபட்டது. அடுத்த அரசியைக் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் செய்தார். அவருடைய மூக்கோடு பிறந்த அந்த அரசியை வாங்க ஆளில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் சூளை திறக்கும்போது மனைவி வந்து நின்றுவிடுகிறாள். ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஊசியில் நூல் கோக்கிறாள்.