இரண்டாம் பந்தி

குண்டசாலைக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோதுதான் சுகிர்தாவுக்கு மூக்கையா மாமாவின் அழைப்பு வந்தது. மாமா அம்மாவின் அண்ணன். ரங்களைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறார். அங்கிருந்து கண்டி வரைக்குமான தூரத்தைத் தன் தொண்டையாலேயே கடந்துவிட வேண்டும் என்று நினைப்பவரைப் போலத்தான் போனில் பேசுவார். அவர் சொன்னது பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது.

"கண்ணு, சனிக்கெழமைக்கு வேன் புடிச்சாச்சு. பெரிய வேன்தான். அப்பிடியும் பத்தாதுபோல. அத்த புதுச் சீல எடுத்திருக்கா. மண்டபம் டவுன்ல எந்தப் பக்கம்?"

"எந்த மண்டபம் மாமா?"

"நல்லா கேட்ட போ! ஓம் விசேசத்துக்கு நான் வழி சொல்லணுமா? ஒங்கம்மா வீடு வீடா தட்டு வச்சு, சந்தனம் குங்குமம் குடுத்துக் கூப்பிட்டுட்டுப் போயிருக்கு. ஓம் சடங்குக்குப் பொறகு ஒங்க வீட்டுல இப்பத்தான ஒரு நல்லது நடக்குது."

சீட்டில் இருந்த பெண்ணொருத்தி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். சுகிர்தா கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நடந்தது என்ன என்பதை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. சுகிர்தா படிப்பது சமகால இசையும் இசை வணிகமும் என்கிற பட்டம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்று கண்டியிலுள்ள தனியார் கல்லூரி ஒன்றின் மூலம் வழங்குவது. பாட்டெழுதுவது, பதிவுசெய்வது, மேடையேறுவது ஒரு பாதி. அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம், அதை எப்படி ஊராரிடம் கொண்டுபோவது, நிகழ்ச்சி நடத்துவது எப்படி என்பதெல்லாம் மறுபாதி. கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் சொந்தப் பாட்டுகளை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தியாக வேண்டும். டிக்கட் விற்று, மண்டபம் பிடித்து, சொன்ன நேரத்துக்குத் தொடங்கி முடிக்க வேண்டும். இலவசமாக ஆள் சேர்க்கக் கூடாது. மண்டபத்தில் உட்காரப் போட்டிருக்கும் கதிரைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஓர் ஆளையும் ஏற்றக் கூடாது; அப்படி நடந்தால் மண்டபக்காரர்களே விளக்கை அணைத்துவிடுவார்கள். பிறகு அந்த ஆண்டை மறுபடியும் படிக்க வேண்டியதுதான்.

விரிவுரையாளர் திலினி மிஸ் வகுப்பில் ஒருநாள் சொன்னார்: "உங்களைத் தெரியாத ஒருவர், உங்களுக்கு எந்த விதத்திலும் கடமைப்படாத ஒருவர், உங்கள் பாட்டுக்காக ஒரு மாலையை ஒதுக்குகிறாரா? அதுதான் இந்தத் தொழில்." சுகிர்தாவின் மனதில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. காரணம் உண்டு. சொந்தக்காரர்களின் கைதட்டலை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பாடசாலை மேடையில் பாதியில் வரி மறந்து நின்றபோதும் தட்டினார்கள். அழுதுகொண்டு இறங்கியபோது இன்னும் பலமாகத் தட்டினார்கள். அந்தக் கைதட்டலை வைத்துக்கொண்டு தன் பாட்டு நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதனால்தான் வீட்டில் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சொந்தம் யாரும் வேண்டாம். அம்மாவும் அப்பாவும் மட்டும் டிக்கட் வாங்கிக்கொண்டு வரலாம். அம்மா வடிவம்மா அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் கீரை ஆய்ந்தாள். பேசாமல் இருந்ததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டது சுகிர்தாவின் பிழை.

டிக்கட்டுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தன. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் முகம் தெரியாதவர்கள். பேராதனைக் கெம்பஸில் படிக்கிற பிள்ளைகள், வங்கியில் வேலை செய்பவர்கள், மடவளையிலிருந்து ஒரு பல் வைத்தியர். அந்தப் பெயர்களை ஒவ்வொரு இரவும் போனில் பார்த்துவிட்டுத்தான் அவள் தூங்குவாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தன வீட்டுக்கும்மா தட்டு வச்சீங்க?"

வடிவம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "எல்லா வீட்டுக்குந்தான். ஒரு வீட்டுக்கு வச்சு ஒரு வீட்டுக்கு வைக்காம வந்தா சண்ட வரும்ல."

"டிக்கட்டு இல்லாம உள்ள விட ஏலாதுன்னு சொன்னேன்ல? கதிரையே இல்லம்மா!"

"சந்தனங் கொடுத்துக் கூப்பிட்டவங்கக்கிட்ட டிக்கட்டு கேக்குறதா? அவுங்க மொய் எழுதுவாங்க, அதை வேணும்னா வாங்கிக்க."

"இது கல்யாணம் இல்லம்மா, பரீச்ச!"

கதிரையில் இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த அப்பா செல்லச்சாமி, மாநகர சபையில் தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்ப்பவர், மெதுவாகச் சொன்னார்: "பரீச்சைக்குத் தட்டு வச்சுக் கூப்பிட்ட மொத ஆளு ஒங்கம்மாதான்."

 வடிவம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். முகம் கோபமாக இல்லை. அதுதான் சுகிர்தாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"மூணு வருசமா எந்த நல்லது கெட்டதுக்குப் போனாலும் ஒரே கேள்விதான். ஓம் மக என்னா படிக்கிறா? நர்சா, டீச்சரா, கணக்கா? நான் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு சொல்லி வச்சிருக்கேன். எனக்கே வெளங்காதத நான் எப்பிடிச் சொல்றது? வந்து கண்ணால பாத்துட்டுப் போகட்டும். அதுக்குப் பொறகு என்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க."

சுகிர்தா பையைக் கழற்றி வைத்தாள். கூப்பிட்ட அழைப்பைத் திருப்பி வாங்குவது என்று ஒன்று இவர்களுடைய உலகத்தில் இல்லை. சாவு விழுந்தால் ஒழிய இல்லை. அன்றிரவே ஸக்கியாவுக்கு அழைத்தாள். ஸக்கியா அக்குறணைக்காரி, கூடப் படிப்பவள். இந்த நிகழ்ச்சிக்கு டிக்கட்டும் ஒலியும் அவள் பொறுப்பு.

"யா அல்லாஹ்! ஈக்கிறதே நூறு கதிர. ஒங்கட மாமா சாச்சா எல்லாரையும் எங்கடி குந்த வெக்கிற, ஏன்ட மடியிலயா?"

கொஞ்ச நேரம் திட்டிவிட்டு அவளே ஒரு வழியும் சொன்னாள். நிகழ்ச்சி ஆறரைக்குத்தான்; மண்டபம் மதியத்திலிருந்தே கையில் இருக்கிறது. நாலு மணிக்கு ஒத்திகை. சொந்தக்காரர்களை அதற்கு வரச் சொல்லலாம். பாட்டெல்லாம் கேட்டுவிட்டு, பிளேன்டீயும் பட்டிஸும் சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு முன்னால் வேனேறிவிடுவார்கள். சுகிர்தா எல்லா வீட்டுக்கும் தானே பேசி, "நாலு மணி, நாலு மணி" என்று தொண்டை வற்றச் சொன்னாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு, வாவிக்கு மேலே ஏறுகிற தெருவிலிருந்த அந்தச் சின்ன மண்டபத்தில் நூறு கதிரைகளும் காலியாக இருந்தன. சுகிர்தா அவற்றுக்குப் பாடிக் காட்டினாள். நாலரைக்கு மாமாவை அழைத்தபோது அவர் திகனையில் மாலை கட்டுகிற கடையில் நின்றுகொண்டிருந்தார். "நாலு மணின்னா அஞ்சுக்குத்தான கண்ணு தொடங்குவீங்க? நமக்குத் தெரியாதா?"

ஆறு மணி தாண்டி வேன்கள் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. வாசலில் டிக்கட்காரர்கள் குடைகளோடு வரிசையில் நின்றார்கள். திலினி மிஸ் புள்ளி போடுவதற்காக உள்ளே நடுவரிசையில் ஏற்கெனவே வந்து அமர்ந்திருந்தார். வேன்களின் கதவு திறந்து பட்டுச்சேலையும் மல்லிகையும் வேட்டியுமாகச் சனம் இறங்கிக்கொண்டே இருந்தது. மண்டபக் காவலாளி சிங்களத்தில் ஸக்கியாவிடம் கையை விரித்தார். இவ்வளவு பேர் உள்ளே போனால் மண்டபத்தை மூடிவிடுவதாகச் சொன்னார்.

சுகிர்தா வாசற்படியில் வந்து நின்றாள்.  ஒரு பக்கம் அவள் பெயரைப் பார்த்து டிக்கட் வாங்கிய முகங்கள். மறுபக்கம் அவளைத் தூக்கி வளர்த்த முகங்கள். "மாமா..." என்று தொடங்கி, "உள்ள எடமில்ல மாமா. இவங்க எல்லாம் டிக்கட்டு வாங்கினவங்க. இவங்க உள்ள போகலன்னா நான் பெயில்" என்று முடித்துவிட்டாள். 

மூக்கையா மாமா வரிசையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். உண்மையாகவே அவருக்கு ஆச்சரியமாக இருந்ததுபோலத் தெரிந்தது.

"இதுக்கா இப்பிடி முழிக்கிற? நம்ம வீட்டு விசேசத்துல நாமளே மொதப் பந்தியில குந்துவமா? வந்தவங்க மொதல்ல குந்தட்டும்." திரும்பி, "ஏய், எல்லாம் ஓரமா வாங்கப்பா! வழிய விடுங்க!" என்று சத்தம் போட்டார்.

அவ்வளவுதான். பட்டுச்சேலைகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. யாரோ ஒரு சித்தி பன்னீர்ச் செம்பை எடுத்துவிட்டாள். பேராதனைப் பிள்ளைகளும் வங்கிக்காரர்களும் பல் வைத்தியரும் தலையில் பன்னீர் தெளிக்கப்பட்டு, கையில் கற்கண்டு கொடுக்கப்பட்டு, "வாங்க, வாங்க, முன்னுக்குப் போய்க் குந்துங்க" என்று உபசரிக்கப்பட்டு உள்ளே போனார்கள். கதிரைகளுக்கு மேல் ஓர் ஆள்கூடக் கூடவில்லை. அம்மாவும் அப்பாவும் தங்கள் டிக்கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே வெளியில் நின்றுவிட்டார்கள். சனமெல்லாம் மண்டபத்தைச் சுற்றியிருந்த ஒடுங்கிய விறாந்தையில், திறந்த யன்னல்களுக்கு வெளியே, மழைச்சாரலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

சொன்ன நேரத்துக்கு நிகழ்ச்சி தொடங்கியது. முதல் பாட்டுக்குக் கைதட்டல் கிடைத்தது. இரண்டாவது பாட்டு, பஸ் தரிப்பிடத்தில் யாருக்காகவோ காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றியது. மிக மெதுவானது. அவள் அதிகம் பாடுபட்டதும், திலினி மிஸ் அதிகம் பாராட்டியதும் அதுதான். அது முடிந்தபோது உள்ளே நல்ல கைதட்டல். வெளியே ஒரு சத்தமும் இல்லை. அவளையறியாமல் கண்கள் யன்னல் பக்கம் போயின. மேடை வெளிச்சத்தில் அங்கே இருட்டு மட்டுந்தான் தெரிந்தது. கோபித்துக்கொண்டு போய்விட்டார்களா? இத்தனை காலமும் வேண்டாமென்று நினைத்த சத்தத்தைக் காது இப்போது தேடியது. மூன்றாவது, குழாயில் தண்ணீர் வராத நாளைப் பற்றிய குறும்புப் பாட்டு. "மேலே உள்ள வீட்டில் குளிக்கிறார்கள், கீழே உள்ள வீட்டில் சபிக்கிறார்கள்" என்ற வரி வந்தபோது, உள்ளே சிரிப்பு எழுவதற்கு ஒரு மூச்சு முன்னதாகவே யன்னல்கள் எல்லாம் சேர்ந்து சிரித்தன. அப்பாவின் இருமல் கலந்த சிரிப்பு தனியாகக் கேட்டது. இருக்கிறார்கள். அதன் பிறகு அவள் விரல்கள் கீபோர்ட்டில் தடுமாறவே இல்லை.

முடிந்ததும் டிக்கட்காரர்கள் கலைந்தார்கள். பல் வைத்தியர் நின்று நல்ல வார்த்தை நாலு சொன்னார். திலினி மிஸ் புள்ளித் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நெற்றியில் மட்டும், தொடங்குமுன் யாரோ உள்ளே வந்து வைத்துவிட்ட சந்தனம் காய்ந்திருந்தது.

விறாந்தைச் சனம் உள்ளே வரத் தொடங்கியது. நனைந்த முந்தானைகளைப் பிழிந்துகொண்டு, இன்னும் சூடு ஆறாத கதிரைகளில் அமர்ந்தது. பேச்சியம்மா அத்தை, மூக்கையா மாமாவின் மனைவி, முன்வரிசையில் 'அப்பாடா' என்று சாய்ந்தாள்.

"எப்பிடி இருந்துச்சு அத்த?" என்று சுகிர்தா கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியும்.

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்தத் தண்ணிப் பாட்டு ஏ-வன். ஆனா கண்ணு, ரெண்டாவது பாட்டு நல்லால்ல. எனக்குக் காலு வலிக்க ஆரம்பிச்சதே அதுலதான்."

"ஏய், புள்ளக்கிட்டப் போய்..." என்றார் மாமா.

"புள்ளதான கேட்டுச்சு? கேட்டா சொல்லணும்."

 சுகிர்தாவுக்குச் சுருக்கென்றது. அதோடு கூடவே ஏதோவொன்று இலேசாகவும் ஆனது. தட்டுகிற கைகள் என்று மட்டும் நினைத்திருந்தவர்களிடம் இப்படியொரு வாய் இருந்திருக்கிறது. அவள்தான் ஒருநாளும் கேட்டதில்லை.

"சரி, இப்ப ரெண்டாம் பந்தி" என்று கையைத் தட்டினார் மாமா. "ஆரம்பி கண்ணு."

காவலாளி சாவிக்கொத்தோடு வந்தவர், வடிவம்மா நீட்டிய கற்கண்டை வாங்கிக்கொண்டு, விரலால் கொஞ்ச நேரம் என்று காட்டிவிட்டுப் போனார். ஸக்கியா மறுபடியும் மைக்கைத் திறந்தாள். வாசலில் திலினி மிஸ் பாதி விரித்த குடையோடு திரும்பிப் பார்த்தபடி நின்றார். போகவும் இல்லை, வரவும் இல்லை.

சுகிர்தா கீபோர்ட்டின் முன் அமர்ந்தாள். தண்ணீர்ப் பாட்டைத்தான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் இரண்டாவது பாட்டைத் தொடங்கினாள், முன்னதைவிடக் கொஞ்சம் வேகமாக. எதிரே பேச்சியம்மா அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, சேறு தெறித்த இரண்டு பாதங்களையும் மேடைப் பக்கமாக நீட்டி வைத்திருந்தாள். சுகிர்தா வேறு யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே பாடினாள்.